கந்தூரி என்னும் சொல்

அண்மையில் எமக்கு வந்த ஓர் அழைப்பிதழே இக்கட்டுரைக்குக் காரணம். தம் பாட்டனாரின் பெயரால் ஆண்டுதோறும் ஊராருக்கும் ஏழைகளுக்கும் உணவளித்து வரும் ஒரு குடும்பத்தார் எம்மை அழைத்திருந்தனர். பல்லாண்டுகளாக அவ்வழைப்பில் 'கந்தூரி' என்ற சொல்லே இடம்பெற்று வந்தது. இம்முறை அதனைக் காணோம். அதன் இடத்தில் 'நினைவேந்தல் விருந்து' என்று அச்சிடப்பட்டிருந்தது. நாளும் மாறவில்லை, இடமும் மாறவில்லை, சமைப்பவரும் அவரே. சொல் மட்டும் மாறியிருந்தது. விசாரித்தபோது, 'கந்தூரி' மார்க்கத்திற்கு ஒவ்வாத சொல் என்று வீட்டு இளைஞர்கள் கருதியதாகவும், 'அது பழந்தமிழ்ச் சொல், கைவிடலாகாது' என்று பெரியவர் ஒருவர் வாதாடித் தோற்றதாகவும் அறிந்தோம்.

இளைஞர்கள் சொன்னதும் பெரியவர் சொன்னதும் ஆராயத் தக்கவை. ஒரு சொல்லைக் கைவிடுவதற்கு முன்பும், அதனைக் காப்பதற்கு முன்பும், அச்சொல் எதனைக் குறித்தது என்று அறிந்துகொள்வது முறையல்லவா? நம்மவர் இச்சொல்லைப் பற்றி நடத்திய விவாதங்கள் எண்ணற்றவை. அவற்றுள் சொல்லின் பொருளைத் தொட்டுப் பேசியவை மிகச் சிலவே.

பெரியவரின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 'கந்து' என்பது தமிழில் தூணையும் நடுதறியையும் குறிக்கும் பழஞ்சொல். தெய்வம் உறையும் தூணுக்கும் அப்பெயர் வழங்கியதைச் சங்க நூல்களில் காண்கின்றோம். மணிமேகலையில் கந்திற்பாவை வருகிறது. தொல்காப்பியம் போரில் மாய்ந்த வீரனுக்குக் கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகளாக வகுக்கின்றது. மாண்டோரை நினைவுகூரும் தொன்மையான தமிழ் வழக்கு இது என்பதில் ஐயமில்லை. ஆகவே கந்து, ஊர் என்ற இரண்டையும் சேர்த்துக் கந்தூரி என்றாயிற்று என்று கொள்ளும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் இது ஒலி ஒப்புமையால் விளைந்த மயக்கம். நடுகல் வழக்கில் எங்கும் இச்சொல் இல்லை. தமிழகத்திலும் முஸ்லிம்களின் வழக்கிலன்றிப் பிறர் சடங்குகளில் இது பெயராக அமையவில்லை. தமிழே அறியாத நிலங்களிலோ இச்சொல் தாராளமாக வழங்குகின்றது. சந்தனம் பூசும் நிகழ்ச்சியை எண்ணிக் கஸ்தூரியின் திரிபே கந்தூரி என்று கொள்வதற்கும் இதே விடைதான்.

பெரியவரின் வாதத்தில் ஒரு சுவையான செய்தி மறைந்து கிடக்கின்றது. பெரும்படை என்பதற்குப் படையலிடுதல் என்று உரை கூறுவோர் உண்டு. கல்லாக நிற்கும் வீரனுக்கு முன்னே உணவை வைத்தல் அது. உணவு அங்கே மாண்டவனை நோக்கி வைக்கப்படுகின்றது. கந்தூரியில் உணவு எவரை நோக்கி வைக்கப்படுகின்றது என்ற வினாவை இங்கே மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

கந்தூரி பாரசீகச் சொல். பாரசீக அகராதிகள் 'கந்தூரி' என்பதற்குத் தோலாலோ துணியாலோ ஆன உணவு விரிப்பு என்று பொருள் கூறுகின்றன. தரையில் விரித்து, அதன்மேல் உணவுக் கலங்களை வைத்து, சுற்றி அமர்ந்து உண்பதற்கான விரிப்பு அது. உருதுவில் தஸ்தர்கான் என்று வழங்குவதும் அரபியில் ஸுஃப்ரா என்று வழங்குவதும் இதுவே. நம் கடற்கரை ஊர்களில் 'சுப்ரா விரித்தல்' என்று பாட்டிமார் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சுப்ராவும் பாரசீகரின் கந்தூரியும் ஒரே பொருளின் இரு பெயர்களே. ஒன்று நம் வீட்டுப் பரணில் சுருட்டி வைக்கப்பட்டது. மற்றொன்று விழாவாகி வீதிக்கு வந்துவிட்டது.

விரிப்பின் பெயர் எவ்வாறு விருந்தின் பெயராயிற்று என்று வியக்க வேண்டியதில்லை. 'பந்தி' என்பது வரிசை என்று மட்டுமே பொருள்படும் சொல். இன்று 'முதல் பந்தி முடிந்தது' என்றால் வரிசை முடிந்தது என்று எவரும் கொள்வதில்லை. 'இலை போட்டாயிற்று' என்றால் உணவு தயார் என்று பொருள். ஸுஃப்ரா என்ற அரபுச் சொல்லின் பயணமோ இதற்கு எதிர்த்திசையிலானது. அது முதலில் பயணிக்கான கட்டுச்சோற்றைக் குறித்து, பின்னர் அதனைக் கட்டும் தோலுக்குப் பெயராயிற்று என்று அரபு அகராதி ஆசிரியர்கள் கூறுவர். ஸஃபர் என்னும் பயணச் சொல்லின் வேரிலேயே அது பிறந்தது. ஈரானில் இன்றும் ஹஸ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்கள் பெயரால் நேர்ந்துகொண்டு பெண்கள் தம் இல்லங்களில் அளிக்கும் விருந்துக்கு 'ஸுஃப்ரா' என்றே பெயர். 'இன்னாருடைய ஸுஃப்ராவுக்குப் போகிறேன்' என்று அவர்கள் கூறுவதும், 'இன்னாருடைய கந்தூரிக்குப் போகிறேன்' என்று நம் ஊரில் கூறுவதும் சொல்லமைப்பிலும் பொருளிலும் ஒன்றே.

தக்காணத்தில் இச்சொல் வழங்கிய முறைக்கு ஒரு நல்ல சான்று உள்ளது. ஏலூரைச் சேர்ந்த ஜஃபர் ஷரீஃப் என்பவர் தக்காண முஸ்லிம்களின் வழக்கங்களைத் தொகுத்து எழுதிய 'கானூனே இஸ்லாம்' என்னும் நூலைச் சென்னை மாகாண மருத்துவப் பணியிலிருந்த ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலப்படுத்தி 1832-ஆம் ஆண்டு லண்டனில் வெளியிட்டார். அந்நூலில் பீபி ஃபாத்திமா (ரலி) அவர்கள் பெயரால் நிகழும் கந்தூரி சொல்லப்படுகின்றது. அங்கே கொடியும் இல்லை, தேரும் இல்லை, வாத்தியமும் இல்லை. ஆடவர் கண் படாத இடத்தில், பெண்கள் ஒரு விரிப்பைச் சுற்றி அமர்ந்து உண்ணும் உணவே அது. அந்த வழக்கத்தின் கட்டுப்பாடுகளில் பல மார்க்க ஆதாரம் அற்றவை. அவற்றை நாம் பரிந்து பேச வரவில்லை. இச்சொல் வீட்டின் உள்ளறையில் பெண்களின் கையில் இருந்த சொல் என்பதையே ஈண்டு சுட்டுகின்றோம்.

இனி, மறைந்தோரை நினைவுகூர்வதற்கு முஸ்லிம் உலகம் வழங்கிவரும் பிற சொற்களோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

வட இந்தியாவிலும் தக்காணத்திலும் பெரிதும் வழங்குவது 'உர்ஸ்'. அரபியில் இதன் பொருள் திருமணம். கப்றில் கேள்விகளுக்கு விடையளித்த நல்லடியாரிடம் புதுமணவாளரைப் போல் உறங்குவீராக என்று கூறப்படும் எனத் திர்மிதீயில் வரும் ஹதீஸோடு இதனை இணைத்துக் காட்டுவர். இறைவனைச் சந்திக்கும் நாள் மணநாள் என்பது ஸூஃபிகளின் கருத்து. 1273-இல் கோன்யாவில் மறைந்த மௌலானா ரூமியின் நினைவு நாளும் மணவிரவு என்றே பெயர் பெற்றுள்ளது. எகிப்தில் வழங்குவது 'மூலித்'. பிறப்பைக் குறிக்கும் இச்சொல்லே அங்கே தந்தாவிலுள்ள ஸையித் அஹ்மத் பதவீ போன்ற இறைநேசர்களின் விழாக்களுக்கும் பெயர். ஹளரமௌத்திலும் ஜாவாவிலும் வழங்குவது 'ஹவ்ல்'. இதற்கு ஆண்டு என்று மட்டுமே பொருள். குழந்தைக்கு இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவது பற்றிய குர்ஆன் வசனத்தில் வருவதும் இச்சொல்லே. நம்மிடையே 'வருஷ ஃபாத்திஹா' என்கின்றோம். ஓதப்படும் அத்தியாயமே அங்கு பெயராகின்றது. மலபாரில் வழங்குவது 'நேர்ச்சை'; நேர்ந்துகொண்டவரின் வேண்டுதல் அதில் பெயராகின்றது. நம் ஊர்களில் மௌலித் ஓதியபின் வழங்கும் பண்டத்தை 'நார்சா' என்கின்றோமே, அதுவும் இந்த நேர்ச்சையின் திரிபே என்பது எம் கருத்து.

இச்சொற்கள் ஒவ்வொன்றும் எங்கே நோக்குகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். உர்ஸ் மறைந்தவரின் ஆன்ம நிலையை நோக்குகின்றது. மூலித் அவர் உலகிற்கு வந்ததை நோக்குகின்றது. ஹவ்ல் நாட்காட்டியையும், ஃபாத்திஹா ஓதுபவரின் நாவையும், நேர்ச்சை வேண்டுபவரின் நெஞ்சையும் நோக்குகின்றன. கந்தூரி ஒன்றே உண்ண வந்து அமர்ந்திருப்பவரை நோக்குகின்றது. அச்சொல்லில் மறைந்தவர் இல்லை, கப்று இல்லை, மரணமும் இல்லை. ஒரு துணி விரிக்கப்பட்டிருக்கின்றது. அதைச் சுற்றி உயிரோடிருப்பவர்கள் அமர்ந்திருக்கின்றார்கள். நாம் மேலே விட்டுவந்த வினாவுக்கு விடை இதுவே. படையல் மாண்டவரை நோக்கியது. கந்தூரி பசித்தவரை நோக்கியது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஆதரிப்பவரும், ஒன்றெனக் கொண்டு எதிர்ப்பவரும் சொல்லைப் பிழைபடப் படித்தவர்களே.

நாம் இவ்வாறு கூறுவது வெறும் அகராதி வாதம் அன்று என்பதற்குக் கடல் கடந்த சான்று உண்டு. மலாய் மொழியில் இச்சொல் 'கெண்டூரி' என்று வழங்குகின்றது. ஜாவாவிலும் அதன் வடிவங்கள் உள்ளன. ஆச்சேயில் 'கந்தூரி' என்று ஏறத்தாழ நம் ஒலிப்பிலேயே ஒலிக்கின்றது. அங்கெல்லாம் அது விழாவன்று, விருந்து. திருமணத்திற்கும் கெண்டூரி, மறைந்தோரின் அர்வாஹுக்கும் கெண்டூரி. அக்கம்பக்கத்தார் கூடிச் சமைப்பதும், துஆ ஓதி உண்பதும், மிஞ்சியதைப் பொதிந்து எடுத்துச் செல்வதும் அதன் உறுப்புகள். ஜாவாவில் அவ்வாறு எடுத்துச் செல்லும் பொதிக்கு 'பெர்கட்' என்று பெயர். நாம் 'தபர்ருக்' என்பதும் அவர்கள் 'பெர்கட்' என்பதும் பரக்கத் என்ற ஒரே வேரினவை.

ஆச்சே மக்கள் மாதங்களுக்கு இட்டுள்ள பெயர்கள் இன்னும் சுவையானவை. டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே 1893, 1894 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆச்சே மக்களைப் பற்றிய பெருநூல் அவர்களுடைய கந்தூரிகளை விரிவாக ஆராய்கின்றது. ஷஃபான் மாதம் அவர்களுக்குச் சோற்றுக் கந்தூரி மாதம். ஜமாதுல் ஆகிர் பழக் கந்தூரி மாதம். ரஜபு மாதத்தின் பெயர் 'கந்தூரி அப்பம்'. அப்பம் என்பது நம்முடைய ஆப்பமேதான். ஒரு மாதத்தின் பெயரில் பாரசீகத் துணியும் தமிழ்ப் பலகாரமும் அருகருகே அமர்ந்திருப்பதைக் காண்பது மனத்திற்கு இதமாக இருக்கின்றது. கப்பலும் கடையும் லெப்பையும் தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற சொற்கள். கந்தூரியும் அக்கப்பல்களிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து சென்றிருக்கக் கூடும். பாரசீக வணிகர் நேரே கொண்டு சென்றிருக்கவும் கூடும். எவ்வழியாயினும், சென்ற இடத்தில் சொல் தன் பொருளை இழக்கவில்லை.

நம் கரையில் என்ன நேர்ந்தது? இங்கே கந்தூரி என்றதும் எவர் மனத்திலும் நாகூரே எழும். ஹஸ்ரத் ஷாஹுல் ஹமீது வலீ அவர்கள் ஹிஜ்ரி 978-ஆம் ஆண்டு, கிறித்தவ ஆண்டு 1570-இல், ஜமாதுல் ஆகிர் பிறை பத்தில் மறைந்தார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. அவர்களுடைய நினைவாக அம்மாதத்தில் பதினான்கு நாட்கள் நடைபெறுவதே நாகூர்க் கந்தூரி. கொடியேற்றமும், நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு வருவதும், ரவ்ளாவில் சந்தனம் பூசுவதும் அதன் முதன்மை நிகழ்ச்சிகள். 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாபசிங் கட்டுவித்த 131 அடி உயரப் பெரிய மனாரா, வேற்றுச் சமய அரசர்களும் அத்தர்காவைப் போற்றியதற்குச் சான்றாய் நிற்கின்றது. சேகனாப் புலவரின் திருக்காரணப் புராணமும் குலாம் காதிறு நாவலரின் கன்ஜுல் கறாமாத்தும் அப்பெருமகனாரைப் பற்றித் தமிழில் எழுந்த நூல்கள். இத்தகைய பெருமை சேரச் சேர, கந்தூரி என்ற சொல் வீட்டு விரிப்பிலிருந்து எழுந்து ஊரின் கொடிமரத்தின் மேல் ஏறிற்று எனலாம். நம் கைக்கு எட்டும் தமிழ் அகராதிகள் பலவும் முஸ்லிம்களின் ஒரு திருவிழா என்று பொருள் கூறுவதோடு நின்றுவிடுகின்றன. அகராதிக்காரரைக் குறை கூறிப் பயனில்லை. அவர் வீதியில் கண்டதை எழுதினார்.

ஆயினும் நாகூரின் வரலாற்றிலேயே இச்சொல்லின் பழம்பொருள் ஒளிந்திருப்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. நாகூரார் சென்ற இடங்களிலெல்லாம் அந்நினைவையும் கொண்டு சென்றனர். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் தர்கா எழுந்தது. 1974-இல் அது தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகின்றது. பினாங்கில் சூலியா தெருவில் ஒன்று. இலங்கையின் கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிவாசல். இம்மூன்றிலும் அவ்வலீயின் உடல் இல்லை. அடக்கத்தலம் இல்லாத இடத்தில் நினைவு மட்டும் நிற்கின்றது. கல்முனையில் அதே மாதத்தில் கொடியும் ஏறுகின்றது. உர்ஸ் என்ற சொல்லுக்கு ஓர் அடக்கத்தலம் வேண்டும். கந்தூரிக்கு அது வேண்டியதில்லை. விரிக்க ஒரு துணியும், உண்ண நால்வரும் இருந்தால் போதும். கடலோடிகளின் சமுதாயம் ஒன்று இச்சொல்லை விரும்பி ஏற்றதன் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும் என்று எமக்குத் தோன்றுகின்றது.

இனி இளைஞர்களின் வாதத்திற்கு வருவோம். அதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. என் அடக்கத்தலத்தை விழாவிடமாக ஆக்காதீர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஹிஜ்ரி 8-இல் முஃதா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்தம் குடும்பத்தார்க்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்று நபியவர்கள் பணித்தார்கள்; துயரத்தில் இருப்பவர் உண்ண வேண்டியவரே அன்றிச் சமைக்க வேண்டியவர் அல்லர். மையித்து வீட்டில் கூடுவதையும் அவ்வீட்டார் உணவு ஆக்குவதையும் ஒப்பாரியின் ஒரு பகுதியாகவே தாங்கள் கருதியதாக ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் கூறியது இப்னு மாஜாவில் உள்ளது. நம் கரையில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் தம் 'அல்மஜ்மூஉ' நூலில் அவ்வழக்கத்தை விரும்பத்தகாத பித்அத் என்றே காட்டுகின்றார்கள். மூன்றாம் நாளுக்கும் நாற்பதாம் நாளுக்கும் கடன் வாங்கி ஆடு அறுத்த ஏழைக் குடும்பங்களை அறியாதவர் எவர்? கணவனை இழந்த பெண் இத்தாவில் அமர்ந்திருக்க, அடுக்களையில் அவளுடைய மகள் கண்ணீரோடு அண்டா கழுவும் காட்சி நம் வீடுகளில் நடந்ததே. அதனைக் கண்டித்தவர்கள் மார்க்கத்திற்கும் மனிதத்திற்கும் செய்தது நற்பணியே. கந்தூரியின் பெயரால் வாணவேடிக்கையும் ஆடல்பாடலும் புகுந்ததைக் கண்டித்தவர்களும் அவ்வாறே.

ஆனால் இக்கண்டனங்கள் எதன்மேல் விழுகின்றன என்று பார்க்க வேண்டும். துயர வீட்டின்மேல் சுமையேற்றுவதன்மேல் விழுகின்றன. அடக்கத்தலத்தை விழாக்களமாக்குவதன்மேல் விழுகின்றன. விரிப்பின்மேல் விழவில்லை. ஜஃபர் (ரலி) வீட்டு நிகழ்ச்சியில் உணவு தடுக்கப்படவில்லை; அது செல்ல வேண்டிய திசை திருத்தப்பட்டது. தம் தாயார் மறைந்தபோது அவர்கள் சார்பில் தர்மம் செய்தால் பயனளிக்குமா என்று வினவிய ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களுக்கு ஆம் என்றே விடை கிடைத்தது. அவர்கள் தம் தோட்டத்தையே தர்மம் செய்தார்கள். தாயின் நினைவு பிறருக்கு உண்ணக் கனியாயிற்று.

எம் மனக்குறை வேறொன்று. கந்தூரியைக் கைவிட்ட வீடுகளில் அதன் இடத்தில் என்ன வந்தது? பல ஊர்களில் வந்தது ஃப்ளெக்ஸ் பலகை. மறைந்தவரின் பெரிய படமும், கீழே வரிசையாகக் குடும்பத்தாரின் பெயர்களும், மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்தும். அஞ்சலி என்பது இரு கைகளையும் கூப்பி வணங்கும் செயலைக் குறிக்கும் வடசொல். உணவு விரிப்பு என்று பொருள்படும் சொல்லை மார்க்கத்திற்கு ஒவ்வாதது என்று நீக்கிவிட்டு, கைகூப்பி வணங்குதல் என்று பொருள்படும் சொல்லைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்ட விந்தையை என்னென்பது! 'நினைவேந்தல்' அதனினும் நல்ல சொல். தமிழில் அழகாக அமைந்த சொல்லும்கூட. ஆனால் அதில் ஏந்தப்படுவது நினைவு மட்டுமே. கையில் சோறு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அச்சொல்லுக்கு இல்லை. மேலே சொன்ன குடும்பத்தார் அதனோடு 'விருந்து' என்று சேர்க்க வேண்டியிருந்தது இதனால்தான். அடுத்த தலைமுறை அவ்வொட்டை விட்டுவிட்டால் எதுவும் குறைந்ததாகத் தெரியாது. கந்தூரியில் அது இயலாது. உணவில்லாத கந்தூரி என்பது பொருளற்ற தொடர்.

இதே குற்றத்தை மறுதரப்பாரிடமும் நாம் காண்கின்றோம். சில ஊர்களில் கந்தூரிக்கெனத் திரட்டப்படும் தொகையில் மின்விளக்குக்கும் வாத்தியத்திற்கும் போக எஞ்சியதே அடுப்புக்கு வருகின்றது. பிரமுகர்களுக்குப் பந்தலில் நாற்காலியும் மேசையும் இடப்படுகின்றன. ஏழைகள் பாத்திரத்தை ஏந்திப் பின்வாசலில் நிற்கின்றார்கள். விரிப்பின் தன்மையே அதில் தலைமாடு கால்மாடு இல்லை என்பது. ஸஹனைச் சுற்றி அமர்ந்தவர்களுள் முதலாளி யார், தொழிலாளி யார் என்று கை நீளும்போது தெரிவதில்லை. நாற்காலி வந்த அன்றே கந்தூரி போயிற்று. அதன் பெயரால் கொடியேற்றுவோரும் அதன் பெயரை நீக்கினோரைப் போலவே சொல்லைக் கைவிட்டவர்கள்தாம்; ஒரு வேறுபாடு, இவர்கள் அதனை உச்சரித்துக்கொண்டே கைவிட்டார்கள்.

விரிப்பையே பெயராகக் கொண்ட அத்தியாயம் ஒன்று திருக்குர்ஆனில் இருக்கின்றது. ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதா அது. ஹவாரிய்யூன்கள் வேண்டியதற்கிணங்க ஈஸா (அலை) அவர்கள், வானிலிருந்து ஓர் உணவு விரிப்பு இறங்க வேண்டும், அது தம்முள் முன்னோர்க்கும் பின்னோர்க்கும் ஈதாக, பெருநாளாக அமைய வேண்டும் என்று இறைஞ்சிய செய்தி அதன் 112 முதல் 115 வரையிலான வசனங்களில் வருகின்றது. கந்தூரி அங்கிருந்து வந்தது என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது கந்து என்ற வாதத்தைப் போன்ற மற்றொரு மயக்கமாகும். ஆயினும் விரிப்பு ஒன்று பெருநாளாகலாம், முன் சென்றோரையும் பின் வருவோரையும் அது ஒன்றாக அமர்த்தலாம் என்ற கருத்து நமக்குப் புதிதன்று. அரபு மொழியறிஞர் மாயிதா என்ற சொல்லில் ஒரு நுட்பம் காட்டுவர். உணவு வைக்கப்பட்டிருந்தால்தான் அது மாயிதா. உணவு இல்லையேல் அதற்குக் கிவான் என்றே பெயர்.

ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. தாம் கண்டிராத கதீஜா (ரலி) அவர்கள்மீது கொண்ட அளவுக்கு நபியவர்களின் வேறெந்த மனைவிமீதும் தாம் ரோஷம் கொண்டதில்லை என்கிறார்கள் அன்னையார். நபி (ஸல்) அவர்கள் கதீஜாவை அடிக்கடி நினைவுகூர்வார்கள். சில வேளைகளில் ஓர் ஆட்டை அறுத்து, அதனைத் துண்டு துண்டாக்கி, கதீஜாவின் தோழியருடைய வீடுகளுக்கு அனுப்பி வைப்பார்கள். எந்த மாதத்தில், எந்தப் பிறையில் என்று அந்த அறிவிப்பில் இல்லை. கதீஜாவின் அடக்கத்தலமோ மக்காவில் இருந்தது. இறைச்சி சென்று சேர்ந்தது அத்தோழியரின் அடுப்புகளுக்கு.